ஸ்டீயரிங் ராக் மாற்றும் முன் ஒரு மணி நேரம்

கேள்வி: என்னுடையது எட்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். 70,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்வர நான்தான் ஓட்டுகிறேன். ஆறு மாதமாக முன்பக்கம் இடது புறத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். சேலம் ரோட்டில் எண்பதில் போகும்போது ஒன்றுமே கேட்பதில்லை. எங்கள் தெருவில் சிமெண்ட் ரோடு பெயர்ந்து கிடக்கிறது. அதில் மெதுவாகப் போனால் வருகிறது. வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் பெரும்பாலும் வராது. வீட்டு கேட்டுக்குள் திரும்பும்போது சாக்கடை சிலாப்பின் மேல் கார் சாய்வாக ஏறும். அங்கே மட்டும் தவறாமல் வரும்.

முதலில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள், 9,000 ரூபாய். மூன்று நாள் சத்தம் இல்லை, நாலாம் நாள் திரும்ப வந்துவிட்டது. அப்புறம் லோயர் ஆர்ம் இரண்டும் மாற்றினார்கள், 6,500 ரூபாய். கொஞ்சம்கூடக் குறையவில்லை. ‘லிங்க் ராடா இருக்குமா?’ என்று கேட்டேன். இடது பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு ‘அது நல்லா டைட்டா இருக்கு மேடம்’ என்றார் மெக்கானிக். இப்போது ஸ்டீயரிங் ராக் மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் காட்டினேன். ‘பழைய வண்டின்னா அப்படித்தான் சத்தம் வரும், நீங்க ரொம்ப கவனிக்கிறீங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். ராக் மாற்றிவிடலாமா? இல்லை, இந்தச் சத்தத்தோடே ஓட்டலாமா? பயமாகவும் இருக்கிறது.

– வாசகி, ராசிபுரம்

பதில்: ராக் மாற்ற வேண்டாம், இப்போதைக்கு. இந்தச் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டவும் வேண்டாம். நீங்கள் ரொம்பக் கவனிப்பதாக ஒருவர் சொன்னாரே, அந்தக் கவனிப்புதான் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தப் போகிறது. தினமும் அதே காரை அதே சாலையில் ஓட்டுகிறவரின் காதைவிட நல்ல கருவி எந்தப் பட்டறையிலும் கிடையாது. எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம். இதுவரை வண்டியைப் பார்த்தவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் 15,500 ரூபாய் செலவாகியிருக்காது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வேகத்தடையில் நேராக ஏறினால் சத்தம் இல்லை, சிலாப்பில் சாய்வாக ஏறினால் உண்டு என்கிறீர்கள். நேராக ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்குகின்றன. சாய்வாக ஏறினால் ஒரு சக்கரம் மேலே போகிறது, மற்றது கீழேயே இருக்கிறது. ஷாக் அப்சார்பருக்கு இந்த வித்தியாசம் கிடையாது. சக்கரங்கள் சேர்ந்து ஏறினாலும் தனித்தனியாக ஏறினாலும் அதற்கு ஒரே வேலைதான். அதில் கோளாறு என்றால் வேகத்தடையிலும் தட்டியிருக்கும். ஒரு சக்கரம் ஏறி மற்றது ஏறாதபோது மட்டும் இழுபடுகிற பாகம் வேறு ஒன்று இருக்கிறது: ஸ்டெபிலைசர் பார்.

வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்வதற்காக இரு முன்சக்கரங்களையும் குறுக்கே இணைத்துப் போட்டிருக்கும் வளைந்த இரும்புக் கம்பி அது. நடுவில் இரண்டு இடத்தில் ரப்பர் புஷ் வைத்துச் சட்டத்தோடு பிடித்திருப்பார்கள். பட்டறையில் டி-புஷ் என்பார்கள். இரு முனையிலும் ஒரு சாண் நீளத்தில் சிறு கம்பிகள், மேலும் கீழும் உருண்டை மூட்டுகளோடு. அவைதான் லிங்க் ராட். சக்கரங்கள் சேர்ந்து ஏறினால் பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழல்கிறது. ஒன்று மட்டும் ஏறினால் பார் முறுக்கிக்கொள்கிறது, லிங்க் ராடு இரண்டும் இழுபட்டுத் தள்ளுபடுகின்றன. மூட்டில் மயிரிழை அளவு ஆட்டம் இருந்தாலும் அந்த நேரத்தில் ‘டொக்’ என்று இடிக்கும். பெயர்ந்த சிமெண்ட் ரோட்டில் மெதுவாகப் போகும்போது சக்கரங்கள் மாறி மாறி ஏறி இறங்குவதால்தான் அங்கே விடாமல் கேட்கிறது. நல்ல சாலையில் எண்பதில் போகும்போது அவ்வளவு அசைவு இல்லை. வருகிற கொஞ்சநஞ்சத்தையும் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் அமுக்கிவிடும்.

இரண்டாவது தடயம், ஷாக் மாற்றிய பிறகு கிடைத்த அந்த மூன்று நாள். பெரும்பாலான கார்களில் லிங்க் ராடின் மேல் முனை ஷாக் அப்சார்பரின் உடம்பில்தான் போல்ட் போட்டிருக்கும். ஷாக்கைக் கழற்ற வேண்டுமானால் லிங்க் ராடை அவிழ்த்துத் திரும்ப மாட்ட வேண்டும். தேய்ந்த மூட்டு புதிதாக வேறு கோணத்தில் உட்கார்ந்து, நட்டும் இறுகினால் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும். ஓட ஓடப் பழைய இடத்துக்கு வந்ததும் தட்ட ஆரம்பிக்கும். சத்தம் நின்றது புது ஷாக்கினால் என்று எல்லோரும் நினைத்தது இயல்புதான். ஆனால் ஷாக்கோடு சேர்த்து வேறு எதையெல்லாம் கழற்றி மாட்டினார்கள் என்று நாலாம் நாள் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் லிங்க் ராடு ‘டைட்டா இருக்கு’ என்று மெக்கானிக் சொன்னது? அவர் பொய் சொல்லவில்லை. சோதித்த முறைதான் தவறு. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் அந்தச் சக்கரம் கீழே தொங்கும், மற்றது தரையில் நிற்கும். பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். அந்த நிலையில் எவ்வளவு தேய்ந்த மூட்டையும் ஆட்டிப் பார்த்தால் அசையாது. சோதிக்க வேண்டுமானால் இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். குழியிலோ ராம்ப்பிலோ கார் தன் கனத்தில் நிற்கும்போது, அல்லது முன்பக்கம் முழுவதையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்தபிறகு, லிங்க் ராடைக் கையால் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் காருக்கு அடியில் போக விடாதீர்கள்.

கையால் உலுக்கியும் தெளிவாகத் தெரியவில்லை என்றால் பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. லிங்க் ராடு இரண்டையும் கழற்றி எடுத்துவிடச் சொல்லுங்கள். பாரின் முனை எதிலும் இடிக்காதபடி பார்த்துக்கொண்டு, இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், சத்தம் தவறாமல் வரும் அந்தச் சிலாப்பில் ஏற்றிப் பாருங்கள். வளைவில் கார் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாயும் என்பதால் இந்த ஓட்டம் தெருவுக்குள் மட்டும்தான், மெயின் ரோட்டுக்கு வேண்டாம். சத்தம் அறவே நின்றுவிட்டதா? கோளாறு லிங்க் ராடில், இல்லாவிட்டால் டி-புஷ்ஷில். அதே சத்தம் மாறாமல் வருகிறதா? பார் சம்பந்தப்பட்ட எதுவும் காரணமில்லை. அவற்றுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை.

நின்றுவிட்டால், இரண்டில் எது என்று பிரிப்பதும் எளிது. லிங்க் ராடைத் திரும்ப மாட்டி, டி-புஷ்ஷுக்கும் பாருக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சொருகிக் கிளாம்ப்பை இறுக்கச் சொல்லுங்கள். சத்தம் போனால் புஷ்தான். டியூபை அப்படியே விட்டுவிடாமல் புது புஷ் வாங்கிப் போட்டுவிடுங்கள். உங்களுடையதைப் போன்ற சின்னக் கார்களில் லிங்க் ராடு ஒன்று சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் கிடைக்கும், புஷ் அதைவிட மலிவு. 22,000 ரூபாய்க்குப் பக்கத்திலேயே வராது.

இங்கே நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். சத்தத்தை வேண்டும்போது வரவழைக்கவும், புதுப் பாகம் எதுவும் போடாமலேயே அதை நிறுத்திக் காட்டவும் முடிகிறவரைக்கும் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். நீங்கள் வரவழைக்கத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள், சிலாப் இருக்கிறது. நிறுத்திக் காட்ட வேண்டியது மெக்கானிக்கின் பொறுப்பு. கழற்றியோ, இறுக்கியோ, கையால் அழுத்திப் பிடித்தோ அவர் நிறுத்திக் காட்டினால் அந்த இடத்தில் காசு போடலாம். ‘இதுவாக இருக்கலாம், மாற்றிப் பார்ப்போம்’ என்ற பேச்சுக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சத்தம் வருகிற திசையையும் முழுக்க நம்ப முடியாது. மாடியில் ஒரு பாத்திரம் விழுந்தால் எந்த அறையில் விழுந்தது என்று கீழே இருப்பவருக்குச் சரியாகப் பிடிபடாது. காரின் உடம்பு முழுக்க ஒன்றாகப் பற்றவைத்த தகடு என்பதால் சத்தம் அதன் வழியே ஓடி எங்கோ ஓரிடத்தில் வெளிப்படும். இடது என்று உங்கள் காது சொன்னாலும் வலது பக்க லிங்க் ராடையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

லிங்க் ராடு இரண்டையும் கழற்றிய பிறகும் சத்தம் இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஷாக்கின் உச்சியில் இருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட். ஷாக்கை மாற்றும்போது பழைய மவுன்ட்டையே திரும்பப் போடுவது பல இடங்களில் நடக்கிறது. உங்கள் பில்லில் மவுன்ட் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்ப, இன்னொருவர் பானெட்டைத் திறந்து மவுன்ட் மேல் உள்ளங்கையை வைத்திருக்க வேண்டும். பேரிங் சிக்கிக்கொண்டிருந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ‘டொய்ங்’ என்று விடுபடுவது கைக்குத் தெரியும். பிரேக் பேடின் கிளிப் கழன்றிருந்தாலும், காலிப்பர் பின் தேய்ந்திருந்தாலும் மெதுவான பள்ளங்களில் கடகடக்கும். கண்டுபிடிக்க, அதே பெயர்ந்த ரோட்டில் போகும்போது பிரேக்கை லேசாக, வேகம் குறையாத அளவுக்குத் தொட்டுக்கொண்டே ஓட்டுங்கள். தொட்டவுடன் சத்தம் நின்று, விட்டவுடன் வந்தால் பிரேக்தான். இதை நீங்களே நாளைக் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்துவிடலாம்.

இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் ஸ்டீயரிங் ராக்கின் முறை. அதிலும் கேட்க வேண்டியது, ‘ஆட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்பது. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக வேகமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் குழிக்குள் இறங்கி டை ராட் எண்ட், ராக்கைப் பிடித்திருக்கும் புஷ், ராக்கின் உடம்பு, ஸ்டீயரிங் கம்பியின் மூட்டு என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். தட்டுகிற இடத்தில் கைக்கே அடி விழுவதுபோல் தெரியும். ராக்கிலேயே ஆட்டம் என்றாலும், பல ராக்குகளில் அதைச் சரிசெய்ய ஒரு திருகு உண்டு. சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்குமேல் அதை இறுக்கினால் ஸ்டீயரிங் கனத்துப்போகும், திருப்பியபின் தானாக நேராகாது என்பதால் விஷயம் தெரிந்தவர்தான் அதில் கை வைக்க வேண்டும்.

நீங்கள் ராசிபுரத்தில் இருப்பது நல்லதாயிற்று. நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் லாரியின் ஆட்டத்தைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தே வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். காருக்கும் சிறிய நெம்புகோல் போதும். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், என்ஜின் மவுன்ட் எல்லாம் நெம்பினால் உண்மையைச் சொல்லிவிடும். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், ‘ஒரு மணி நேரம் எனக்காக ஒதுக்குங்கள், கண்டுபிடிப்பதற்கான கூலியைத் தருகிறேன், பாகம் அப்புறம் பேசலாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல நம்மில் பலருக்கு மனசு வராது. 9,000 ரூபாய்ப் பாகத்துக்குப் பில் கட்டுகிறவர்கள், ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்ததற்கு 500 ரூபாய் கேட்டால் ‘சும்மா பார்த்ததுக்கா’ என்பார்கள். பார்ப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் பார்க்காமல் மாற்றுவதுதான் நடக்கும். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லி இதை மாற்ற முடியாது.

சர்வீஸ் சென்டருக்கே போவதானாலும் ஜாப் கார்டில் பாகத்தின் பெயர் எழுத விடாதீர்கள். ‘ஸ்டீயரிங் ராக் செக்’ என்று எழுதினால் ராக்கில்தான் போய் நிற்கும். ‘பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் டொக் சத்தம், நேராக ஏறினால் இல்லை’ என்று நீங்கள் எனக்கு எழுதியபடியே எழுதச் சொல்லுங்கள். சத்தத்தைக் கேட்காதவர் காரில் கை வைக்கக் கூடாது; வேலை செய்யப்போகிற மெக்கானிக்கையே பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்ட் போய் வாருங்கள். போவதற்கு முன் காரை முழுக்கக் காலி செய்யுங்கள். டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி, கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், சீட்டுக்கடியில் குடை என்று எதுவும் இருக்கக் கூடாது. சரியாக இறுகாத ஸ்டெப்னி ஒன்றே சஸ்பென்ஷன் போனதுபோல் தட்டும். மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைக் கேட்டு வாங்கிக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

சத்தம் பற்றி வேறு பலரும் எழுதியிருப்பதால் அவர்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம். வேகம் கூடக்கூட ‘ஊம்’ என்று இரைச்சல் கூடினால் வீல் பேரிங் அல்லது டயர். காலியான அகலச் சாலையில் மெல்ல வலது பக்கம் வளைக்கும்போது இரைச்சல் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகப்படலாம், இடது பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது. பேரிங் வாங்குமுன் முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இரைச்சல் இடம் மாறினால் டயர்தான். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி நகரும்போது ‘டக் டக் டக்’ என்றால் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட், ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்றால் பெல்ட். ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், நின்று திரும்பவும் வருவது புல்லி கோணலாக இருப்பதையும், இன்னும் கூடுவது பெல்ட் தளர்ந்திருப்பதையும் காட்டும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, கை எதுவும் அருகில் போகக் கூடாது. நிற்கும் காரில் ஆக்சிலரேட்டர் கொடுத்தாலே வரும் சத்தம் என்ஜினைச் சேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் ‘கிர்ர்’ என்றால் சைலன்சர் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு பெரும்பாலும் கழன்றிருக்கும், ஒரு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினாலே போதும். சத்தத்தைச் சோதிக்கிறேன் என்று ஓடும்போது என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கின் உதவி போய்விடும், சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். லிங்க் ராடு தட்டுவதால் கார் அன்றே கவிழ்ந்துவிடாது. ஒரு வாரம், பத்து நாள் நிதானமாக ஓட்டிக்கொண்டு தேடலாம். ஆனால் அது லிங்க் ராடுதான் என்று உறுதியாகும்வரை நெடுந்தூரம் போக வேண்டாம். ஏனென்றால் இதே போலத் தட்டுகிற பால் ஜாயின்ட் ஒருநாள் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். உங்கள் லோயர் ஆர்ம் புதிது. பல கார்களில் பால் ஜாயின்ட் அதோடு சேர்ந்தே வரும், சிலவற்றில் தனி. உங்களுடையதில் எப்படி என்று பில்லைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு உராய்கிற ‘நறநற’, ஆயில் விளக்கோடு சேர்ந்து வரும் என்ஜின் தட்டல், டயர் கழற்றி மாட்டிய பிறகு புதிதாகக் கிளம்பும் கடகடப்பு, இந்த மூன்றில் எது வந்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குச் சக்கர நட்டுகள் தளர்ந்திருப்பது காரணமாக இருக்கலாம்.

இன்னும் ஒன்று. லோயர் ஆர்மை மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் முன் டயர்கள் ஒரு ஓரமாகத் தேய ஆரம்பித்துவிடும். ஆர்மின் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். அந்த போல்ட்டை ஒருமுறை தளர்த்தி, காரின் கனம் சக்கரத்தில் இருக்கும்போது திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். லிங்க் ராடைப் பார்க்கிற அதே குழியில், அதே ஒரு மணி நேரத்துக்குள் அதையும் முடித்துவிடலாம். சோதனையில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். வேறு காரணமாக இருந்தால் அடுத்து எங்கே தேடுவது என்று சொல்கிறேன்.